எவர்சில்வரா, அலுமினியமா?

உலகத்தில் ஒரு காரியத்தைச் செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், செய்யப்போகிற காரியத்துக்குச் சாமான் சேர்த்துக்கொண்டே இருக்கிற மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அவர்களை ஆயத்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறிகள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. இவ்வளவு பாடு சோம்பேறி எவனும் பட மாட்டான். அகஸ்தியர்கூடம் ஏறப்போவதாகச் சொல்லி அட்டை கடிக்காத காலுறை வாங்கி, அதன் நெசவு சரியில்லை என்று வேறொன்று வாங்கி, அதற்கேற்ற பூட்ஸ் வாங்கி, பூட்ஸுக்கேற்ற பை வாங்கி, கடைசியில் அந்தக் காலுறையைக் குளிருக்குப் போட்டுக்கொண்டு ஏசி அறையில் தூங்குகிறவர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். விசாரித்துப் பாருங்கள்.

இந்த இனத்தில் பழுத்த பழம் ஒன்று திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தப் பாத்திர வியாபாரம் செய்கிறது. பெயர் லிங்கராஜ். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டார். எந்தப் பல்லால் கடிப்பது என்று முடிவு செய்வதற்குள் அவருக்கு ஒரு மழைக்காலம் போய்விடும்.

ஆரம்பித்து வைத்தது அவர் மனைவி பிரேமாதான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர். பிள்ளைகள் இரண்டும் வெளியூர் போன பிறகு, தலை நரைத்த வயதில், யாரையும் கேட்காமல் நீச்சல் கற்றுக்கொண்டார். பிறகு கணவரையும் இழுத்துக்கொண்டு கோவளத்துக்குப் போய், சுதீஷ் என்கிற பயிற்சியாளரிடம், காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குகிற வித்தையைக் கற்றுச் சான்றிதழும் வாங்கினார். லிங்கராஜும் வாங்கினார். உண்மையைச் சொல்ல வேண்டும், மனிதர் நன்றாகவே முங்கினார். ஆனால் அன்று கடல் கலங்கிக் கிடந்தது. பிரேமா கடலுக்கடியில் பார்த்ததெல்லாம் லிங்கராஜின் கால் இரண்டும்தான்.

"லட்சத்தீவு போணும் சேச்சி. அவிடே கடல் கண்ணாடி மாதிரி. ஆமை வந்து முகத்த நோக்கும்," என்றான் சுதீஷ்.

அந்த ஆமை பிரேமாவின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் நகை கேட்டதில்லை, சிங்கப்பூர் கேட்டதில்லை. ஆமை கேட்டார். கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஆளுக்கொரு ஜோடி வேண்டும், ஜோடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த வித்தையின் முதல் விதி.

"எனக்கு நீங்கதான் ஜோடி. வேற ஆளோட எறங்க எனக்குப் பயம்," என்றார் பிரேமா.

"பின்னே வேற யாரு வருவா?" என்றார் லிங்கராஜ். மனிதர் பொய் சொல்லவில்லை. போகத்தான் நினைத்தார். "ஆனா ஒரு காரியம் பிரேமா. அந்த வாடகை ஜாக்கெட்டு எனக்குக் கொள்ளல. கக்கத்துல கேறி நிக்குது. எவன் எவன் வேர்வையோ. நம்மளதா ஒண்ணு வேணும்லா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனம் பிறக்கிற இடம் அதுதான்.

இங்கே சாமானைப் பற்றிக் கொஞ்சம் விளக்காமல் கதை நகராது. கடலுக்குள் முங்குகிறவர் சிலிண்டரை முதுகில் சுமக்க வேண்டும். மேலே மிதக்கக் காற்றடைக்கவும், கீழே இறங்கக் காற்றை விடவும் ஒரு பையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டை எல்லாப் படகிலும் வாடகைக்குத் தருவார்கள். பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கி, மீனைப் பார்த்துவிட்டு ஏறி, சாப்பிடப் போய்விடுவார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. முதுகில் துளை போட்ட ஒரு உலோகத் தகடு, துளைகளில் கோத்த வார், தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு காற்றுப் பை. தகட்டுக்கு பேக்பிளேட் என்று பெயர். பைக்கு விங் என்று பெயர்.

துளை போட்ட எவர்சில்வர் தகடு. யாரிடம் போய் என்ன சொல்லைச் சொல்கிறார்கள், பார்த்தீர்களா? ஒரு குடத்தைச் சுண்டி, ஓசையை வைத்தே அது எந்த கேஜ், அதாவது எவ்வளவு தடிமனான தகடு என்று சொல்லக்கூடியவர் லிங்கராஜ். அவரும் அவர் அப்பாவும் எவர்சில்வரில்தான் பிழைத்தார்கள். இத்தனை வருடமும் தான் விற்ற அண்டாவும் தூக்குவாளியும் ஏதோ ஒரு பெரிய காரியத்துக்கு முன்னோட்டம்தான் என்று அவருக்கு அன்று தோன்றியது.

முதல் வருடம், ஜாக்கெட்டா தகடா என்று பார்ப்பதில் போயிற்று. பார்ப்பதென்றால் போனில் பார்ப்பது. கல்லாவில் உட்கார்ந்து வீடியோ பார்த்தார். முங்குகிறவர்களின் இணையக் குழுக்களில் சேர்ந்து, முதலில் ஓரமாக நின்றார், பிறகு சந்தேகம் கேட்டார், பிறகு பிறர் சந்தேகத்துக்குப் பதில் சொன்னார், பிறகு சண்டை போட்டார். நார்வேயில் இருக்கிற ஒரு பெரியவருக்கும் இவருக்கும் இடுப்பு வாரில் கொக்கி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் பெரிய மனஸ்தாபம் வந்து, பிறகு சமாதானமாகி, இப்போது இருவரும் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு நெருக்கம். நார்வேக்காரர் வாரம் தவறாமல் பனிக்கடலில் முங்குகிறவர். லிங்கராஜ் கோவளத்துக்குப் பிறகு நனைந்தது குளியலறையில் மட்டும்தான்.

வெறும் படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள், செயல்முறையும் உண்டு. ஒருநாள் நெடுமங்காட்டிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்த குடும்பம் கடைக்குள் நுழைந்தபோது, முதலாளி அட்டைப்பெட்டிகளின் மேல் குப்புறப் படுத்திருந்தார். அவர் முதுகில் ஒரு பெரிய பால்கேன் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கடையின் மூத்த ஆள் பால்பாண்டி பக்கத்தில் நின்று, "இடப்பக்கம் சாயுது அண்ணாச்சி," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்த பெரியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இது எத்தன லிட்டரு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு," என்றார் லிங்கராஜ், எழுந்திருக்காமல்.

அந்த வருடம் மழை வந்தது. மழைக்காலத்தில் தீவில் யாரும் முங்குவதில்லை.

இரண்டாம் வருடம் உலோகப் பிரச்சினை. தீவுக்குப் போகிற விமானம் சின்னது, பெட்டியின் எடையில் கறார். எவர்சில்வர் தகடு கனம். அலுமினியம் லேசு. துணியில் செய்ததும் உண்டு, அது மேலும் லேசு. அப்படியானால் லேசானதை வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? உங்களுக்கு விவரம் போதாது. தகடு லேசானால் ஆள் தண்ணீரில் இறங்க மாட்டார், மிதப்பார். பெட்டியில் மிச்சம் பிடித்த எடையை அங்கே போய் ஈயக்கட்டியாக இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் கனமான தகடே மேல். ஆனால் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடுப்புத்தான் போடுவார்கள், அதற்கு அவ்வளவு கனம் வேண்டாம். அப்படிப் பார்த்தால் அலுமினியமே மேல். ஆனால் ஈயம்?

"ஈயம் படகுலயே சும்மா தருவாங்களே. சுதீஷ் சொன்னானே," என்றார் பிரேமா.

"அது வேற," என்றார் லிங்கராஜ்.

விமானத்தில் கனக்காமலும் தண்ணீரில் கனத்தும் இருக்கிற ஒரு பொருளை அவர் தேடிக்கொண்டிருந்தார். வலியசாலையில் ஒரு கல்யாணப் பந்தியில், பச்சடிக்கும் பாயசத்துக்கும் நடுவே, பக்கத்து இலைக்காரருக்கு அதை விளக்கினார். காற்றுப் பை லாட வடிவத்திலும் வரும், வடை வடிவத்திலும் வரும் என்றும், "லாடத்துல காத்து ஒரு பக்கமா ஒதுங்கிரும், வடைன்னா சுத்தி வந்திரும், அதாணு காரியம்," என்றும் சொன்னார். பக்கத்து இலைக்காரர் தன் வடையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

யோசித்து யோசித்துக் கடைசியில், எவர்சில்வர் வியாபாரி எவர்சில்வர் தகட்டைக் கடையில் வாங்குவதா என்று ரோஷம் வந்தது. தானே படம் வரைந்து, நாகர்கோவிலில் தனக்குப் பாத்திரம் செய்துகொடுக்கிற பட்டறைக்கு அனுப்பினார். இரண்டு தகடு, ஒரே அளவு. என்னத்துக்கு என்று எழுதவில்லை. புதுச் சரக்கு வெளியே தெரியக் கூடாது என்பது ஆரியசாலைப் பழக்கம். அண்ணாச்சி ஓணத்துக்கு ஓணம் புதிதாக ஒரு பாத்திரம் இறக்குகிறவர் என்பது பட்டறைக்குத் தெரியும். படத்தில் துளைகள் இருந்தன. துளையென்றால் ஆவி, ஆவியென்றால் இடியாப்பத் தட்டு. பட்டறைக்காரர்கள் அக்கறையாக உட்கார்ந்து, கோணல்மாணலாக இருந்த துளைகளைச் சரிசெய்து, இடைவெளிகளிலும் துளையிட்டு, பூப்போல வரிசைப்படுத்தி, கையைக் கிழிக்காமல் விளிம்பை மடித்து, கண்ணாடிபோலப் பாலிஷ் போட்டு, வழக்கம்போல இலவசமாகப் பெயரும் வெட்டி அனுப்பினார்கள். சிலிண்டர் வாரை நுழைக்கிற அளவுக்குப் பெரிய துளை ஒன்றுகூட அதில் மிஞ்சவில்லை. இரண்டு தகட்டிலும் 'லிங்கராஜ் – பிரேமா' என்று புள்ளி புள்ளியாக இருந்தது.

பிரேமா ஒரு தகட்டில் இடியாப்பம் அவித்தார். நன்றாக வெந்தது. வாங்குகிறவர்கள் கேட்டதால் கடையிலும் அதைப் போட்டார்கள், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வருடமும் மழை வந்தது.

மூன்றாம் வருடம். இதுதான் கடைசி வாய்ப்பு என்று பிரேமா சொல்லவில்லை. அவருக்குக் காதில் ஏதோ அடைப்பு வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்ப இறங்கலாம், இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுன்னா என்னால சொல்ல முடியாது," என்று சொன்னதை மட்டும் கணவரிடம் சொன்னார். லிங்கராஜ் அதிர்ந்துபோனார். அன்றே அலுமினியத் தகடு ஒன்றும் வடை வடிவ விங் ஒன்றும் வெளிநாட்டில் ஆர்டர் செய்தார். மூன்று வருடத்தில் அவர் தயங்காமல் எடுத்த முதல் முடிவு அது. அவர் கண்ணில் நீர் நின்றது. ஆயத்தக்காரருக்கு அன்பு இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கும் தோதான ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

தீவுக்கான அனுமதியைப் பிரேமா இரண்டு பேருக்கும் வாங்கிவிட்டார். சுதீஷ் போன் செய்தான். "சாரே, மழைக்கு முன்ன ரெண்டு படகு உண்டு. ரெண்டு சீட்டு வச்சிட்டுண்டு. வருமோ?"

"வரும் வரும். பார்சல் மட்டும் கைக்கு வரட்டும். கஸ்டம்ஸ்ல நிக்குது," என்றார் லிங்கராஜ்.

பார்சல் வரவில்லை. நாள் நெருங்கியது. பிரேமா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து எதிரே நின்றார்.

"இங்க பாருங்க. வாடகை ஜாக்கெட்ட ஒரு நாள் போட்டா ஒண்ணும் ஆவாது. வாங்க, போவோம்."

"அதுக்கில்ல பிரேமா. இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கிட்டு, வர்ற நேரத்துல போய் அதப் போடுறதா? ஒரு வாரம். ஒரே வாரம் தள்ளிப் போவோம்."

"வேற ஆளோட எறங்க எனக்குப் பயம்னு சொல்லியிருக்கேன்."

"அதாம் சொல்லுதேன், ஒரு வாரம்."

பிரேமா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், தன் ஆபீஸ் தோழி ஜெயஷீலாவுக்குப் போன் செய்தார். ஜெயஷீலா போன மாதம்தான் கோவளத்தில் முங்கக் கற்றவர். பேக்பிளேட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவருக்கும் அனுமதி வாங்கி, இரண்டு பேரும் மாற்றுத் துணியும் தொப்பியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது லிங்கராஜ், "நீங்க போய் எடத்தப் பாத்து வைங்க," என்றார்.

அவர்கள் கடலில் இறங்கிய நாளன்று பார்சல் வந்தது. அதைத்தான் நேரம் என்பது. லிங்கராஜ் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தார். தகடு, அவர் எதிர்பார்த்ததைவிட லேசு. விங்கை எடுத்து, வாயால் ஊதினார். கறுப்பாக, உருண்டையாக, நடுவில் ஓட்டையோடு அது எழும்பி வந்தபோது, எங்கும் ஒரு கோணல் இல்லை. மூன்று வருடம் தேடியது அதுதான் என்று தெரிந்தது. காற்று இறங்குகிறதா என்று பார்க்க அதன் மேல் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பக்கத்து வீட்டு வன்னியபெருமாள், சத்தத்தைத் தாழ்த்தி, "மூலத்துக்கா அண்ணாச்சி? எனக்கும் உண்டு. பழவங்காடில ஒரு வைத்தியரு இருக்காரு," என்றார்.

அவர் போன பிறகு போன் வந்தது. பிரேமா.

"பாத்துட்டேன்," என்றார். குரல் மாறியிருந்தது. "எவ்வளவு பெருசு தெரியுமா. பக்கத்துலயே வந்து நின்னுச்சு. ஒரு அவசரமும் இல்லாம பாத்துச்சு. நான் அழுதுட்டேன், கண்ணாடிக்குள்ள."

"என்ன ஜாக்கெட்டு போட்டிருந்த?" என்று கேட்டார் லிங்கராஜ். வாயில் அதுதான் வந்தது.

"நீலம்னு நெனைக்கேன். பாக்கலயே."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"ஜெயஷீலாதான். கையப் புடிச்சுக்கிட்டா."

அந்தக் கை தன் கையாக இருந்திருக்க வேண்டும் என்று, கேஜ் கணக்கு எதுவும் போடாமல், லிங்கராஜுக்கே நேரடியாகத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழம கடைசிப் படகு. நான் தங்கிக்கிடுதேன்," என்றார் பிரேமா. "எல்லாச் சாமானும் இங்க இருக்கு. கையை வீசிக்கிட்டு வந்து ஏறுங்க."

"வாரேன்," என்றார் லிங்கராஜ். மனதாரச் சொன்னார். உடனே டிக்கெட்டும் போட்டார்.

ஆனால் கையை வீசிக்கொண்டா? கையிலேயே எல்லாம் இருக்கும்போது? பெட்டியைக் கட்டிக் கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தார். எடை கொஞ்சம் கூடுதல். பால்பாண்டி இடுப்பு வாரை எடுத்தார், சரியாயிற்று. இடுப்பு வார் இல்லாமல் தகடு நிற்காது. வாரை வைத்துவிட்டு வேட்டியை எடுத்தார்கள். சோப்பை எடுத்தார்கள். பெட்டியே கனமோ என்று வேறு பெட்டி பார்த்தார்கள். வேறு பெட்டியில் தகடு குறுக்கே நின்றது. தகடு இல்லாமல் விங்கை மட்டும் வாடகைச் சாமானோடு மாட்ட வழியுண்டா என்று நார்வேக்காரரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். விரிவாக, படங்களோடு பதில் எழுதினார். லிங்கராஜுக்கு அதில் ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, ரயிலுக்கு நேரமாச்சே," என்றார் பால்பாண்டி.

"இரும், இத மட்டும் பாத்துக்கிடுதேன்."

கொச்சி ரயில் போயிற்று. கொச்சியிலிருந்து விமானமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசிப் படகு கரைக்கு வந்திருக்கக்கூடிய நேரத்தில், ஆரியசாலையில் மழை பிடித்தது. லிங்கராஜ் கல்லாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் போனைத் தொடவில்லை.

பிரேமா கறுத்து, நன்றாக இளைத்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் லிங்கராஜுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் அந்தத் தகட்டில் இடியாப்பம் அவித்தார். கணவர் இலையில் எடுத்து வைக்கும்போது, பேச்சோடு பேச்சாக, "காது தாங்குறவர அடுத்த சீசனுக்கும் நானும் ஜெயஷீலாவும் சொல்லி வச்சாச்சு," என்றார். "பயம்லாம் போச்சு. நீங்க சாமானப் பாருங்க."

லிங்கராஜ் தகட்டில் மிஞ்சிய இடியாப்பத்தைப் பார்த்தார். அடியில், ஆவி படிந்த தகட்டில், இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இதைப் படித்துவிட்டு லிங்கராஜுக்காக நீங்கள் இரக்கப்பட்டால், ரொம்பச் சரி. பிரேமாவுக்காகச் சந்தோஷப்பட்டால் அதுவும் சரி, உங்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால், இவ்வளவு தூரம் வந்த பிறகும், அந்த ஆமையை விட்டுவிட்டு, 'அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் எவர்சில்வரா அலுமினியமா, எது நல்லது?' என்று உங்கள் மனதின் ஓரத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் எழுந்து பாருங்கள். உங்கள் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?